மலை ஜீப்பின் பிரேக்குக்கு ஒரு சட்ட வழி வேண்டும்

தேனி மாவட்டத்தின் போடி, தேவாரம், கம்பம் பகுதிகளிலிருந்து இடுக்கியின் ஏலத்தோட்டங்களுக்கு விடியற்காலையில் கூலியாட்களை ஏற்றிச் செல்லும் ஜீப்புகளில் பல, இன்று கல்லூரியில் படிக்கும் பிள்ளைகளைவிட வயதில் மூத்தவை. சூரியநெல்லியிலிருந்து கொழுக்குமலைக்குச் சூரிய உதயம் காட்ட ஆள் ஏற்றும் ஜீப்புகளிலும் அப்படிப்பட்டவை உண்டு. இவற்றுக்கு யாரும் காசு செலவழிப்பதில்லை என்று சொல்ல முடியாது. புது டயர், புது பெயின்ட், எல்.இ.டி. விளக்கு, இரும்பு பம்பர், பிற்பாடு மாற்றிப் பொருத்திய டீசல் இன்ஜின் என்று உரிமையாளர் போட்ட பணம் வண்டி முழுக்கக் கண்ணில் படும். பிரேக்கும் ஆக்சிலும் மட்டும் பெரும்பாலும் கம்பெனியிலிருந்து வந்த நாளில் இருந்தபடியே இருக்கும். காரணம் கேட்டால் ‘கட்டுப்படியாகாது’ என்பதுதான் பதில். அதில் பாதி உண்மை. வண்டியின் பொறியியல் சார்ந்த உண்மை. மறுபாதி, சட்டமும் கட்டண முறையும் சேர்ந்து ஏற்றிவிட்ட விலை. முதல் பாதியைக் குறைப்பது கடினம். இரண்டாவதை ஓர் அரசாணையால் குறைக்க முடியும் என்பதே என் வாதம்.

முதலில் பொறியியல். இந்த ஜீப்பின் பூர்வீகம் இரண்டாம் உலகப்போர். 1941 முதல் அமெரிக்க ராணுவத்துக்காக வில்லிஸ், ஃபோர்டு நிறுவனங்கள் லட்சக்கணக்கில் செய்து தள்ளிய அந்த வண்டிக்கு ராணுவக் கோப்புகளில் ‘கால் டன் லாரி’ என்றுதான் பெயர். 60 குதிரைத்திறன் பெட்ரோல் இன்ஜின், ஒரு டன்னை ஒட்டிய எடை, நான்கு சக்கரத்திலும் 9 அங்குல டிரம் பிரேக். அந்த எடைக்கும் அந்தச் சுமைக்கும் அது போதுமானதாக இருந்தது. அதன் வாரிசாக 1953இல் வந்த சி.ஜே.3பி மாடலை அமெரிக்கா 1968இல் நிறுத்திவிட்டது. மஹிந்திரா நிறுவனம் உரிமம் பெற்று இங்கே தயாரித்தது. நீளத்தைக் கூட்டி, டீசல் இன்ஜின் வைத்து, பெயரை மாற்றி, அந்த வம்சம் 2000களின் இறுதிவரை நம் சாலைகளுக்கு வந்துகொண்டிருந்தது. பிந்தைய மாடல்களில் பிரேக் ஓரளவு பெரிதானது உண்மை. ஆனால் ஓட்டுநரோடு 10 பேர், அவர்களது தூக்குப்போசி, மண்வெட்டி, திரும்பும்போது ஒரு மூட்டை என்று 2 டன்னை நெருங்கும் வண்டியை மலையிலிருந்து இறக்குவது அந்தக் கால் டன் கணக்கில் எங்கும் இல்லை.

போடிமெட்டிலிருந்து போடிநாயக்கனூருக்கு 17 கொண்டை ஊசி வளைவுகள். உயர வித்தியாசம் சுமார் 1,000 மீட்டர். 2,000 கிலோ எடையை 1,000 மீட்டர் கீழே இறக்கும்போது வெளிப்படும் ஆற்றல் ஏறக்குறைய 20 மெகாஜூல். அதே வண்டியை 60 கிலோமீட்டர் வேகத்திலிருந்து முழுதாக நிறுத்தினால் பிரேக் விழுங்கும் ஆற்றலைப் போல இது 70 மடங்கு. சிறிய கியரில் இறக்கி, பாதியை இன்ஜினே வாங்கிக்கொண்டாலும்கூட, மீதி 35 முறை நிறுத்தியதற்குச் சமமான சூடு நான்கு டிரம்களுக்குள் அரை மணி நேரத்தில் இறங்கியாக வேண்டும். சூடேறிய டிரம் விரிந்து பிரேக் ஷூவை விட்டு விலகும். மிதி ஆழமாகப் போகும். லைனரின் பிடி குறையும். டிஸ்க்கில் நடப்பது நேர்மாறு. தகடு தடித்து பேடை நோக்கி வரும், காற்றும் நேரடியாகப் படும். ஓடையில் இறங்கி ஏறிய பிறகு டிரம்முக்குள் தண்ணீர் தங்கிப் பிடிக்காமல் போவதும் டிஸ்க்கில் சில நொடிகளில் தீர்ந்துவிடும். இதில் டயர் மோகமும் சேர்ந்துகொள்கிறது. 29 அங்குல டயருக்குப் பதில் 33 அங்குலம் போட்டால், பிரேக்கில் எதையும் தொடாமலேயே தரையில் கிடைக்கும் பிரேக் விசை சுமார் 12 விழுக்காடு குறைந்துவிடும். வண்டி பார்க்க கம்பீரமாகும். பிரேக் அந்த அளவுக்கு நோஞ்சானாகும்.

ஆக்சிலை இதிலிருந்து தனியாகப் பிரித்துக் கணக்குப் போட முடியாது. பழைய ஜீப்புகள் பலவற்றின் பின் ஆக்சில் தண்டு முனை கூம்பாகக் கடையப்பட்டிருக்கும். அந்தக் கூம்பின் மேல் ஹப் உட்காரும். இரண்டும் தனித்தனியே சுழலாதிருக்க, இரண்டிலும் வெட்டிய காடியில் விரல் நீள இரும்புத் துண்டு ஒன்று இருக்கும். பட்டறையில் அதைக் ‘கீ’ என்பார்கள். மேலே நட்டு, அதற்கு ஒரு பின். நட்டு முழு இறுக்கத்தில் இருக்கும்வரை கூம்பின் பிடிதான் விசையைக் கடத்தும். நட்டு கொஞ்சம் தளர்ந்தால் மொத்த விசையும் அந்தச் சின்னத் துண்டின் மேல் விழும். அது காடியை அரித்து அகலமாக்கும். காடியின் மூலையில் மயிரிழை விரிசல் தொடங்கும். லைனர் மாற்றுவதற்கு டிரம்மைக் கழற்ற புல்லர் போடாமல் சுத்தியலால் தட்டுகிற ஒவ்வொரு முறையும் இந்த இடம்தான் அடி வாங்குகிறது. இந்தத் தண்டு சக்கரத்தைச் சுழற்றுவதோடு வண்டியின் எடையையும் தாங்குகிற வகை. எனவே பேரிங்குக்கு வெளியே அது முறிந்தால், அதாவது ஓட்டுநர்கள் சொல்கிறபடி ‘ஆக்சில் கட்’ ஆனால், சக்கரம் டிரம்மோடு கழன்று ஓடிவிடும். டிரம் போனதும் அடுத்த மிதிக்கு வீல் சிலிண்டரின் பிஸ்டன் வெளியே வந்து ஆயில் கொட்டும். ஒரே குழாய்ச் சுற்று உள்ள பழைய வண்டியில் அத்தோடு நான்கு சக்கரத்துக்கும் பிரேக் இல்லை. கை பிரேக்கைப் பிடிக்கலாமே என்றால், இந்த வம்சத்துப் பழைய வண்டிகளில் அது சக்கரத்தில் இல்லை, கியர் பெட்டிக்குப் பின்னால் ஓடும் தண்டில் இருக்கிறது. ஒரு பக்க ஆக்சில் முறிந்தால் டிஃபரன்ஷியல் அந்தப் பக்கம் சும்மா சுழலும். முன் சக்கர இணைப்பு போட்டிருந்தாலொழிய கை பிரேக்கும் பிடிக்காது. ஒரு முறிவில் சக்கரம், கால் பிரேக், கை பிரேக் மூன்றும் ஒன்றாகப் போகிற இந்த அமைப்பில் ஆக்சிலும் பிரேக்கின் ஓர் உறுப்புதான்.

செலவு ஏன் ஏறுகிறது என்பதும் இங்கேதான் புரியும். முன் சக்கரத்துக்கு டிஸ்க் போடுவது என்று ஒருவர் முடிவு செய்கிறார். தகடும் கேலிப்பரும் பெரிய விலை இல்லை. பிற்கால வண்டிகளின் சாமான் கிடைக்கிறது. ஆனால் அது ஜீப்பின் நக்கிளில் அப்படியே உட்காராது, இடையில் ஒரு பிராக்கெட் வெட்டிக் கடைய வேண்டும். ஹப் மாறினால் சக்கர போல்ட்டுகளின் வட்டம் மாறும். அப்போது வீலும் மாறும். டிரம்மில் ஷூ தானாகவே இழுத்து இறுக்கிக்கொள்ளும் குணம் உண்டு. டிஸ்க்குக்கு அது இல்லை என்பதால் கூடுதல் அழுத்தம் வேண்டும், அதற்கு பூஸ்டர் வேண்டும். பூஸ்டர் வெற்றிடத்தில் இயங்குவது; டீசல் இன்ஜினில் அது இயல்பாக உண்டாகாது என்பதால் ஒரு வாக்குவம் பம்ப் சேர்கிறது. டிரம்முக்கான மாஸ்டர் சிலிண்டரில் குழாயில் கொஞ்சம் அழுத்தத்தை மிச்சம் வைக்கும் வால்வு இருக்கும். அதை நீக்காவிட்டால் பேட் தகட்டை உரசிக்கொண்டே ஓடும். ஆக்சிலையே மாற்றுவதென்றால் இன்னொரு சங்கிலி. பின்னால் ஒரு பல் விகிதமும் முன்னால் வேறு விகிதமும் இருந்தால் நான்கு சக்கர இயக்கம் போட்டவுடன் இரண்டும் ஒன்றையொன்று எதிர்த்து முறுக்கும். ஆகவே ஒன்றை மாற்றினால் இரண்டையும் மாற்ற வேண்டும், அல்லது கிரவுன் பினியன் செட்டை ஒத்த விகிதத்தில் தேட வேண்டும். ஆயிரங்களில் தொடங்கிய பட்டியல் லட்சத்தைத் தொடுவது இப்படித்தான். வண்டியின் சந்தை விலையே சில லட்சம் என்கிறபோது உரிமையாளர் பின்வாங்குவதில் வியப்பில்லை. போதாக்குறைக்கு, வண்டி பட்டறையில் நிற்கும் நாட்களுக்கு வாடகை வருமானமும் இல்லை.

ஒழுங்காகப் பராமரித்தால் பழைய டிரம்மே போதும், இறக்கத்தில் நியூட்ரலில் விடாமல் ஓட்டினால் போதும் என்று அனுபவசாலி ஓட்டுநர்கள் சொல்வார்கள். இது அலட்சியப்படுத்தக்கூடிய பேச்சு அல்ல. டீசல் மிச்சம் பிடிப்பதற்காக நியூட்ரலில் இறக்குகிற வழக்கம் எந்த டிஸ்க்கையும் தோற்கடிக்கும். பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் பொருள். டாட்-3 வகை ஆயில் புதிதாக இருக்கையில் குறைந்தது 205 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்காது, ஈரம் ஏறியபின் அந்த வரம்பு 140 டிகிரிக்கு இறங்கிவிடுகிறது. கொதித்தால் குழாயில் ஆவி. மிதி பஞ்சுபோல அமுங்கும். பல ஆண்டுகள் ஆயில் மாற்றாத வண்டிக்கு டிஸ்க் போடுவது வீண் செலவு. ஒரே சுற்று மாஸ்டர் சிலிண்டரை எடுத்துவிட்டு முன், பின் தனித்தனிச் சுற்று உள்ளதைப் போடுவதுதான் என் கணிப்பில் மிகக் குறைந்த காசில் மிக அதிகப் பலன் தரும் வேலை. ஓர் இடத்தில் கசிந்தாலும் இரண்டு சக்கரமாவது பிடிக்கும். அமெரிக்காவில் 1968இலேயே கார்களுக்கு இதைக் கட்டாயமாக்கிவிட்டார்கள். 9 அங்குல டிரம்மை 11 அங்குலமாக்குவது அடுத்தது. அதே ஷூ விசைக்கு 22 விழுக்காடு கூடுதல் முறுக்கு. எனவே எல்லா ஜீப்புக்கும் டிஸ்க், எல்லா ஜீப்புக்கும் புது ஆக்சில் என்று நான் கேட்கவில்லை. ஆனால் ‘பராமரித்தால் போதும்’ என்ற வாதம் வண்டி அன்றைய எடையிலும் அன்றைய இன்ஜினிலும் இருந்தால்தான் செல்லும். இன்ஜினை மாற்றியாயிற்று, டயரை மாற்றியாயிற்று, ஆளைக் கூட்டியாயிற்று. பிரேக் மட்டும் அசலாக இருக்கட்டும் என்பது என்ன நியாயம்?

இப்போது சட்டம். 1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம், 52ஆவது பிரிவு, பதிவுச் சான்றிதழில் உள்ள விவரங்கள் தயாரிப்பாளர் முதலில் குறித்தவற்றிலிருந்து மாறுபடும்படி வாகனத்தை மாற்றக் கூடாது என்கிறது. கேரளத்திலிருந்து போன வழக்கொன்றில் 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் இதைக் கண்டிப்பாகவே பொருள்கொண்டது. அதே ஆண்டு வந்த திருத்தத்தின் 182ஏ பிரிவு, அனுமதியில்லாத மாற்றம் செய்த உரிமையாளருக்கு ஆறு மாதம் வரை சிறை, அல்லது ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும் என்கிறது. சாலையை அடைக்கும் பம்பர், காதைக் கிழிக்கும் சைலன்சர், இஷ்டத்துக்கு நீட்டிய சட்டகம் ஆகியவற்றுக்கு இந்தக் கண்டிப்பு தேவைதான். ஆனால் வண்டியை இன்னும் அதிக ஓசையோடு ஓட வைக்கும் மாற்றத்துக்கும், இன்னும் சீக்கிரம் நிற்க வைக்கும் மாற்றத்துக்கும் சட்டத்தின் கண்ணில் வித்தியாசம் இல்லை. பிரேக்கை மாற்றியவர் பாராட்டை எதிர்பார்க்க வேண்டாம், தண்டனை வருமா வராதா என்ற உறுதிகூட அவருக்கு இல்லை. விபத்து நடந்தால் காப்பீட்டு நிறுவனம் ‘அனுமதியில்லாத மாற்றம்’ என்று எழுதி இழப்பீட்டை மறுக்க இடம் இருக்கிறது. சட்ட வழி இல்லாத வேலைக்கு முத்திரை பெற்ற கிட் சந்தையில் வராது. கிட் இல்லாததால் காயலான் கடைச் சாமானும் லேத் பட்டறை அனுமானமும்தான் மிச்சம். ஒவ்வொரு வண்டிக்கும் முதல் வண்டிபோல அளவெடுத்து வெட்டிக் கடைய வேண்டியிருப்பதால்தான் கூலி ஏறுகிறது. இரண்டாம் முறை பிரித்துச் சேர்க்க வேண்டி வருவதால்தான் இன்னும் ஏறுகிறது. நான் தொடக்கத்தில் சொன்ன மறுபாதி விலை இதுதான்.

இதற்கு மாற்று நம் சட்டத்துக்குள்ளேயே இருக்கிறது. பெட்ரோல் வண்டியை சி.என்.ஜி.க்கோ எல்.பி.ஜி.க்கோ மாற்றலாம், அங்கீகாரம் பெற்ற கிட், அங்கீகாரம் பெற்ற பட்டறை, பிறகு பதிவுச் சான்றிதழில் ஒரு வரி. பழைய வண்டியை மின்சாரத்துக்கு மாற்றவும் அதே முறையில் வழி உண்டு. மாற்றுத்திறனாளிகளுக்காக வண்டியைத் தகவமைக்கவும் அனுமதி உண்டு. எரிவாயு உருளையைப் பின்னால் ஏற்றிக்கொள்ள நம்பி அனுமதித்த சட்டம், இரண்டு சுற்று மாஸ்டர் சிலிண்டரைக் கண்டு ஏன் தயங்க வேண்டும்? ஆஸ்திரேலியாவில் இலகு வாகன மாற்றங்களுக்கான தேசிய நடைமுறைக் கையேட்டில் பிரேக்குக்கென்றே ஒரு தனிப் பகுதி இருக்கிறது. எந்த மாற்றத்துக்குச் சான்று வேண்டும், எதைச் சோதிக்க வேண்டும் என்று அதில் வரையறுத்திருக்கிறார்கள். அங்கீகாரம் பெற்ற பொறியாளர் பார்த்துக் கையெழுத்திட்டால் மாற்றம் செல்லும். மஹிந்திரா ஜீப்பில் இதற்கு இன்னொரு சாதகமும் உண்டு. மாடல்கள் சில, அளவுகள் ஏறக்குறைய ஒன்று, ஓடுகிற இடங்களும் தெரிந்தவை. மூன்று அல்லது நான்கு கிட்டுகளை ஒருமுறை சோதித்து அங்கீகரித்தால் பெரும்பாலான வண்டிகளுக்குப் போதும்: இரட்டைச் சுற்று மாஸ்டர் சிலிண்டர், 11 அங்குல டிரம், பூஸ்டரோடு கூடிய முன் டிஸ்க், கூம்பு முனைக்குப் பதிலாக ஒரே துண்டாக விளிம்போடு செய்த ஆக்சில் தண்டு.

மாற்றங்களைத் திறந்துவிட்டால் அரைகுறை மெக்கானிக்குகள் ஆபத்தை விதைப்பார்கள் என்று போக்குவரத்து அதிகாரிகள் அஞ்சலாம். முன்னால் வலுவான டிஸ்க்கும் பின்னால் தேய்ந்த டிரம்முமாக விட்டுவிட்டால் சமநிலை கெடும். பின் சக்கரம் முதலில் பூட்டிக்கொள்ளும்படி அமைந்தால் ஈரச் சாலையில் வண்டி சுழன்றுவிடும். இந்த அச்சம் நியாயமானது. ஆனால் அந்த அரைகுறை வேலை இப்போதே நடக்கிறது, யார் கண்ணிலும் படாமல் நடக்கிறது. அங்கீகாரம் என்பதன் பொருளே அதைச் சோதனைக்குக் கொண்டுவருவதுதான். சோதனையும் மலைக்கு ஏற்றதாக இருக்க வேண்டும். தகுதிச் சான்றுக்கு (எஃப்.சி.) காட்டும்போது குளிர்ந்த டிரம்மில், சமதளத்தில், காலி வண்டியில் பிரேக் பிடிப்பது சிரமமில்லை. சுமையோடு ஓர் இறக்கத்தைக் கடந்து வந்த சூட்டில் பிடிக்கிறதா என்பதே கேள்வி.

இன்னொரு வாதம் இதைவிட எளிமையானது: பழைய வண்டிகளை உடைத்துவிட வேண்டியதுதானே? 2021இல் வந்த வாகன அழிப்புக் கொள்கை அதைத்தான் ஊக்குவிக்கிறது. பழையதைக் கொடுத்துப் புதியதை வாங்கினால் சொந்த வண்டிக்கு 25 விழுக்காடு வரையும், வாடகை வண்டிக்கு 15 விழுக்காடு வரையும் சாலை வரிச் சலுகை உண்டு. ஆனால் இன்று நான்கு சக்கர இயக்கமுள்ள புது வண்டி பத்து லட்சத்துக்கு மேல். தோட்டத்துக்கு ஆள் ஏற்றும் வாடகையில் அந்தக் கடனை அடைக்க முடியாது. கொழுக்குமலைப் பாதையின் பாறைகளில் புது வண்டியை உருட்டிச் சிதைக்கவும் யாரும் முன்வர மாட்டார்கள். எனவே பழைய ஜீப் ஓடத்தான் போகிறது. அதைத் தடுக்கும் நோக்கில் கட்டணங்களை ஏற்றியிருக்கிறார்கள். 15 ஆண்டு கடந்த சொந்தக் காருக்குப் பதிவுப் புதுப்பிப்பு 2022 ஏப்ரலில் 600 ரூபாயிலிருந்து 5,000 ரூபாயானது, 20 ஆண்டு கடந்தவற்றுக்கு 2025 ஆகஸ்டில் 10,000 ரூபாயானது. இந்தப் பணம் கருவூலத்துக்குப் போகிறது, ஒரு டிரம்மைக்கூடக் குளிர்விப்பதில்லை. அங்கீகரித்த பிரேக் கிட் பொருத்தியவருக்கு இந்தக் கட்டணத்தைத் தள்ளுபடி செய்தால், அதே 10,000 ரூபாய் கிட்டின் விலையில் கணிசமான பங்காகிவிடும். அரசுக்கு இழப்பு சொற்பம்.

யார் செலவழிப்பது என்பதில் தோட்ட முதலாளிகளும் தப்ப முடியாது. 2023 ஆகஸ்ட் 25 அன்று வயநாட்டின் மானந்தவாடி அருகே தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களை ஏற்றி வந்த ஜீப் பள்ளத்தில் விழுந்து 9 பெண்கள் இறந்தார்கள். அந்த விபத்துக்கு பிரேக்தான் காரணம் என்று நான் சொல்ல வரவில்லை. மலையில் கூலி வேலை செய்பவர்கள் எந்த வண்டியில் ஏறுகிறார்கள், அதன் நிலை என்ன என்பதில் வேலை கொடுப்பவருக்குப் பங்கு உண்டு என்பதற்காகவே சொல்கிறேன். ஆள் ஏற்றும் ஜீப்புக்கு நடைக்கூலி பேசுகிற எஸ்டேட், அந்தக் கூலியில் பிரேக் செலவையும் சேர்த்துப் பேச வேண்டும். சுற்றுலா ஜீப்புகளைப் பொறுத்தவரை, இடுக்கி மாவட்ட நிர்வாகம் 2025 ஜூலையில் சவாரிகளை நிறுத்திவைத்துப் பிறகு சோதனை, கட்டுப்பாடுகளோடு அனுமதித்தது. அந்தச் சோதனைப் பட்டியலில் பிரேக் சுற்றும் ஆக்சில் முனையும் தனி வரிகளாக இடம்பெற வேண்டும். இரு மாநிலப் போக்குவரத்துத் துறைகளும் சேர்ந்து, பழைய ஜீப்புகளின் பிரேக், ஆக்சில் கிட்டுகளுக்கு சி.என்.ஜி. பாணியில் அங்கீகாரம் தரும்படி மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தைக் கேட்க வேண்டும். அதுவரை, சூரியநெல்லியில் ஜீப் பேசுகிற பயணிகள் வாடகையைக் குறைக்கச் சொல்வதற்கு முன், பிரேக் ஆயில் கடைசியாக எப்போது மாற்றியது, மாஸ்டர் சிலிண்டர் ஒற்றைச் சுற்றா இரட்டைச் சுற்றா என்ற இரண்டு கேள்விகளை ஓட்டுநரிடம் கேளுங்கள்.